வெனீருக்காகப் பல்லை எவ்வளவு ராவ வேண்டும்? எங்கிருந்து அளந்து?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. நுனி தேய்ந்து இரண்டும் குட்டையாகத் தெரிகின்றன. பக்கத்துப் பல் ஒன்று லேசாகத் திரும்பி முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு மருத்துவர், ஆறு பற்களுக்குப் பீங்கான் வெனீர், அதாவது பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய தகடு, போடலாம், ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ராவ வேண்டும் என்றார். இன்னொருவர், ராவவே வேண்டாம், அப்படியே ஒட்டிவிடலாம் என்றார். யாரை நம்புவது?

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் உங்களிடம் ஓர் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறார்கள், அரை அல்லது பூஜ்யம் என்று. அதை எங்கிருந்து அளப்பார்கள் என்று சொல்லவில்லை. இன்று இருக்கும் பல்லின் முகப்பிலிருந்து அரை மில்லிமீட்டரா, வேலை முடிந்தபின் பல்லின் முகப்பு வந்து நிற்கப்போகும் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டரா? முதலாவது என்றால் அரை மில்லிமீட்டர் நல்ல பல் போய்விடும். இரண்டாவது என்றால் உங்களைப் போன்றவருக்குப் பல இடங்களில் பல்லை ராவும் கருவி தொடக்கூட வேண்டியிருக்காது.

இதைப் புரிந்துகொள்ள எனாமலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பற்சிப்பி என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மேல் முன்பல்லின் முகப்பில் அது எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. நுனிப் பக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். நடுவில் அதைவிடக் குறைவு. ஈறோரம் வரும்போது 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான், விரல் நகத்தின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். வயதாக ஆக, அமிலம் பட்டும் தேய்ந்தும் இன்னும் மெலியும். ஆகவே 'எல்லா இடத்திலும் அரை மில்லிமீட்டர்' என்று ராவினால் ஈறோரத்தில் எனாமல் முழுவதும் போய், அடியிலிருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே வந்துவிடும்.

வந்தால் என்ன? பலருக்குக் கூச்சம்தான் நினைவுக்கு வரும். கூச்சம் சின்ன விஷயம். வெனீர் எதன் மேல் ஒட்டுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

1930களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் திரைப்பட நடிகர்களுக்காக மெல்லிய பல் முகப்புகளைச் செய்து கொடுத்தார். அவர் பல்லை ராவவில்லை. செயற்கைப் பல்செட்டுக்குப் போடும் ஒட்டுத்தூளை வைத்து ஒட்டிவிடுவார், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அழகு கிடைத்தது, நிலைக்க வைக்க வழி இல்லை. அந்த வழியை 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற பல் மருத்துவர் திறந்தார். எனாமல் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவினால் அதன் பரப்பு கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு தேன்கூடு போலாகிறது, அதில் பிசின் இறங்கி இறுகிவிட்டால் எளிதில் வராது என்று அவர் காட்டினார். பீங்கான் பக்கம் இதேபோல் ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் பீங்கானின் உட்பரப்பையும் அரித்து, பீங்கானையும் பிசினையும் இணைக்கும் சிலேன் என்ற திரவத்தைப் பூசினால் பிசின் அதையும் பற்றும் என்பதை 1983இல் சைமன்சனும் கலாமியாவும் காட்டிய பிறகுதான் இன்றைய வெனீர் பிறந்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் எனாமலை நம்பி நிற்கிறது. டென்டின் வேறு வகைத் திசு. அதில் புரத நார் இருக்கிறது, நீர் இருக்கிறது, உள்ளே நரம்புப் பகுதி வரை போகும் நுண்குழல்கள் இருக்கின்றன. அதிலும் ஒட்டலாம், நல்ல பசைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பிணைப்பு காலப்போக்கில் நீராலும் அங்கேயே உள்ள நொதிகளாலும் தளர்கிறது, எனாமல் பிணைப்பு அந்த அளவுக்குத் தளர்வதில்லை. இன்னொன்று விறைப்பு. எனாமல் டென்டினைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விறைப்பானது. மெல்லிய கண்ணாடித் தகட்டைக் கருங்கல் மேல் ஒட்டி அழுத்துவதையும் ரப்பர் பாய் மேல் ஒட்டி அழுத்துவதையும் நினைத்துப்பாருங்கள். அடியில் இருப்பது வளைந்து கொடுத்தால் மேலே இருப்பது விரிசல் விடும். பற்கள் தினமும் அழுத்தத்தில் இருப்பவை.

ஆகவே எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, எடுத்த பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். முகப்பின் பெரும்பகுதியிலும், குறிப்பாகச் சுற்றுவிளிம்பு முழுவதிலும், எனாமல் இருந்தால் நிம்மதி.

என் தொடக்க காலத்து வேலை ஒன்றைச் சொல்கிறேன். நான்கு முன்பற்கள். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், முகப்பு ஏற்கெனவே பாதி தேய்ந்து தட்டையாகிவிட்டிருந்தது. படித்த முறைப்படி, ஆழம் காட்டும் வைரக் கருவியால் அவருடைய பல் மேலேயே கோடு இழுத்து, கோட்டின் அடிவரை சீராக ராவினேன். கருவி காட்டியது அரை மில்லிமீட்டர்தான், நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் அவருடைய பல்லில் வயது ஏற்கெனவே ஓர் அரை மில்லிமீட்டரை எடுத்துவிட்டிருந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கழுவி உலர்த்திப் பார்த்தபோது பல்லின் நடுவில் மஞ்சள் தீவு. இரண்டாம் ஆண்டில் ஒரு வெனீர் முழுதாகக் கழன்று கையில் வந்தது. பிசின் முழுவதும் வெனீரின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது, பல்லில் ஒன்றுமே இல்லை. பீங்கான் தன் வேலையைச் செய்திருந்தது. தவறு என் கணக்கில்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டதுதான் குறைந்த அளவில் ராவும் முறையின் உயிர். இதைப் பரவலாக்கியவர்களில் பாஸ்கல் மான்யே, ஊர்ஸ் பெல்சர், காலிப் குரெல் ஆகியோரின் பெயர்களைச் சொல்ல வேண்டும். முதலில் பல்லின் அச்சை எடுத்து, அதன் மேல் மெழுகிலோ கணினியிலோ கடைசியில் பல் எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவத்தைக் கட்டுவார்கள். அதிலிருந்து ஒரு சிலிக்கோன் அச்சு. தற்காலிகப் பல் செய்யும் பிசினை அச்சில் ஊற்றி வாயில் பொருத்திச் சில நிமிடம் பிடித்தால், ராவாத பல்லின் மேலேயே புதிய பல்லின் மாதிரி உட்கார்ந்திருக்கும். கண்ணாடியில் பார்க்கலாம், சிரிக்கலாம், பேசலாம். நான் 'வா', 'வீடு', 'வெள்ளம்' என்று சொல்லச் சொல்வேன். 'வ' ஒலிக்கும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை லேசாகத் தொட வேண்டும். உதட்டைக் குத்தினால் பல் நீளம், குறைக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கணினித்திரையில் செய்ய முடியாது.

அதன் பிறகு நடப்பதுதான் அழகு. அந்த மாதிரியைக் கழற்றாமல், அதன் மேலேயே ஆழக்கோடு இழுக்க வேண்டும். நடுவில் பீங்கானுக்கு 0.5 மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி அங்கே ஏற்கெனவே 0.4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், கருவி உங்கள் பல்லைத் தொடுவது 0.1 மட்டும். கோடுகளின் அடியில் சாதாரணப் பென்சிலால் தீட்டிவிடுவேன். பிறகு மாதிரியைப் பெயர்த்தெடுத்தால், கருவி பல்லைத் தொட்ட இடங்களில் மட்டும் சாம்பல் நிறக் கீற்றுகள் மிஞ்சியிருக்கும். அந்தக் கீற்று அழியும் வரை ராவினால் போதும். கீற்றே விழாத பல்லும் உண்டு. அங்கே பல் ஏற்கெனவே தேவையான அளவுக்கு உள்ளே இருக்கிறது என்று பொருள், மெருகேற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் முன்பற்கள் இரண்டின் நுனியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமான முறையில் நுனியில் பீங்கானுக்காக ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வெட்டுவார்கள். உங்களுக்குத் தேய்மானமே அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது. இன்னும் வெட்டுவது பெரிய அநியாயம்.

திரும்பியிருக்கும் அந்தப் பக்கத்துப் பல் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது மாதிரியின் எல்லைக்கு வெளியே துருத்துவதால் சிலிக்கோன் அச்சே சரியாக உட்காராது. துருத்தும் மூலையை முதலில் கொஞ்சம் சீர்செய்துவிட்டுத்தான் மாதிரியை வைக்க முடியும். அந்த மூலையில் எனாமல் இழப்பு உறுதி. எவ்வளவு என்பது எவ்வளவு துருத்துகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அதற்கு வேறு வழி சொல்லப்போகிறேன், சற்றுப் பொறுங்கள்.

ராவும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. முன்பல்லின் முகப்பு ஒரே நேர்த்தளம் அன்று. ஈறோரம், நடு, நுனி என்று மூன்று சாய்வுகள் உண்டு. கருவியை ஒரே கோணத்தில் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் நடுப்பகுதி அதிகமாகத் தேய்ந்துவிடும், அங்கேயும் டென்டின் தெரிந்துவிடலாம். மூலைகளைக் கூராக விடக்கூடாது, பீங்கானில் விரிசல் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும். பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தை முடிந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். உங்கள் இடைவெளியின் பக்கம் மட்டும் விளிம்பை உள்நோக்கிக் கொஞ்சம் கொண்டுபோக வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் பார்க்கும்போது இணைப்புக்கோடு தெரியும்.

டென்டின் வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று இளைய மருத்துவர்களிடம் சொல்வேன். அமிலத்தை இரண்டு மூன்று நொடி வைத்துக் கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து மங்கும். டென்டின் மட்டும் பளபளப்பாகவே நிற்கும். அப்படிப் பளபளக்கும் திட்டு இருந்தால் அளவெடுப்பதற்கு முன்பே, அன்றைக்கே, பசையால் மூடி இறுக்கிவிட வேண்டும். புதிதாக வெட்டிய டென்டினில் பசை நன்றாகப் பிடிக்கும். வாரக்கணக்கில் தற்காலிகப் பல்லின் கீழ் அழுக்கு சேர்ந்த பிறகு அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. இடையில் வரும் கூச்சமும் இதனால் குறையும்.

இனி, 'ராவவே வேண்டாம்' என்ற மருத்துவர். இடமிருந்தால் அவர் சொல்வது சரி. குட்டையான பல், உள்ளே தள்ளி நிற்கும் பல், இடைவெளி, முளையிலேயே சிறுத்துப்போன பக்கப்பல் போன்றவை ராவாத வெனீருக்குப் பொருத்தமானவை. ஆனால் இடமில்லாத பல்லில் ராவாமல் ஒட்டினால் பல் தடித்துவிடும். பீங்கானை நம்பகமாகச் செய்ய ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் வேண்டும். அதை ஈறோரத்தில் அப்படியே பல்லின் மேல் வைத்தால் ஒரு படிக்கட்டு உருவாகும். நாக்குக்குத் தெரியும், தூரிகைக்குச் சிக்காது, அழுக்கு தங்கும். ஈறு சிவந்து வீங்கிக்கொண்டே இருக்கும் பல வெனீர்களில் நான் பார்த்தது இந்தப் படியைத்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. எனாமலின் வெளித்தோல், மைக்ரான் கணக்கில்தான், அமிலத்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. மெல்லிய வைரக் கருவியால் பளபளப்பு போகும் அளவுக்கு ஒருமுறை உரசிவிட்டால் பிணைப்பு மேம்படும். அதை ராவுதல் என்று சொல்வதா வேண்டாமா என்பது வார்த்தைச் சண்டை. எதையும் தொடவே மாட்டேன் என்ற விளம்பரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொடாமல் இருக்கக் காரணம் இருக்கும் இடத்தில் தொடாமல் விடுபவரைத்தான் தேடுவேன்.

குறைவாக ராவும் ஆசைக்கு உண்மையான எதிரி நிறம். பீங்கானால் ஒரு நிறப்படி வெளுக்க வைக்க ஏறத்தாழ 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிமன் தேவை என்பது எங்கள் கைக்கணக்கு. மூன்று படி வெளுக்க வேண்டும் என்று கேட்டால் பல் கொடுக்க வேண்டியது அதற்கேற்ப கூடும். வேர் சிகிச்சைக்குப் பின் கறுத்துப்போன பல் என்றால் இன்னும் கடினம். அதனால் நிறத்தை வெனீரிடம் கேட்கக்கூடாது. முதலில் பல் வெளுப்புச் சிகிச்சை. அதற்கு ராவவே வேண்டாம். முடித்த பிறகு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். வெளுப்பு மருந்து விட்டுச்செல்லும் ஆக்சிஜன் எனாமலில் இருக்கும் வரை பிசின் சரியாக இறுகாது, தவிர நிறம் ஒரு நிலைக்கு வரவும் நாளாகும். அவசரப்பட்டு அடுத்த நாளே ஒட்டினால் இரண்டு வகையிலும் நஷ்டம்.

எந்தப் பீங்கான் என்று கேட்டிருந்தீர்கள். அடுக்கடுக்காகக் கையால் கட்டும் ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் மிக மெல்லியதாக வரும், இயற்கைப் பல்லின் ஒளி ஊடுருவல் அதில்தான் அருமை. ஆனால் ஒட்டும் வரை முட்டையோடு போல, கையில் எடுக்கவே பயமாக இருக்கும். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அதைவிடப் பல மடங்கு உறுதி, 0.3 மில்லிமீட்டர் வரை மெலியவும் செய்கிறது. உங்களைப் போல நுனியை நீட்ட வேண்டியவருக்கு நான் இதைத் தேர்வேன். ஒட்டிய பிறகு எனாமலும் பிசினும் பீங்கானும் ஒரே உடம்பாகிவிடுவதால் அந்த மெல்லிய தகடு தாங்குகிறது. ஒட்டும் நாளில் செய்யும் ஒவ்வொன்றும் முக்கியம். ரப்பர் திரையால் எச்சில் வராமல் மறைப்பது, லித்தியம் டைசிலிகேட் என்றால் சுமார் 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 நொடி, சிலேன், பிறகு ஒளியால் மட்டும் இறுகும் பிசின் என்ற வரிசையில் நடக்கும். ஒளியாலும் வேதிவினையாலும் என இருவழியில் இறுகும் பிசினில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காலப்போக்கில் மஞ்சளாகும், மெல்லிய வெனீரில் அது வெளியே தெரியும்.

ஒரு பயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். கூம்பு கூம்பாகச் சீவிய பற்களின் படங்களைப் பார்த்து வெனீர் என்றால் இதுதானா என்று கேட்கிறார்கள். அது வெனீர் அல்ல, பல்லை முழுவதும் மூடும் கேப். எடல்ஹாஃப், சோரன்சன் ஆகியோர் 2002இல் எடைபோட்டுப் பார்த்தபோது, வெனீர் வகைகளுக்குப் பல்லின் வெளித்தெரியும் பகுதியில் 3 முதல் 30 சதவீதமும், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதமும் போனது. பெயர் வெனீர் என்றும் வேலை கேப் என்றும் இருந்தால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், பல்லின் உட்புறமும் ராவப்போகிறீர்களா என்று.

உங்கள் பற்களுக்கு வருவோம். இளவயதில் நுனி தேய்ந்திருக்கிறது என்றால் ஏன் என்று முதலில் தெரிய வேண்டும். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறீர்களா? அடிக்கடி அமிலம் மேலேறி வருகிறதா? காரணம் தெரியாமல் நுனியை நீட்டினால் பீங்கான் நுனி உடையும், அல்லது எதிரே உள்ள கீழ்ப்பல் தேயும். கடிப்பவருக்கு இரவில் போடும் காப்புத் தகடு பின்னால் கட்டாயம். தேய்ந்த இடத்தை நிரப்பக் கீழ்ப்பல் மேலெழுந்து வந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். வந்திருந்தால் நீட்ட இடமே இருக்காது.

இடைவெளியை அடைத்தால் இரண்டு பல்லும் அகலமாகும். முன்பல்லின் அகலம் நீளத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். உங்களுக்கு நீளமும் கூடப்போவதால் இந்தக் கணக்கு நல்லபடியாகவே வரலாம். குட்டைப் பல்லை அப்படியே வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் அடைத்தால் சதுரமாகத் தெரியும்.

திரும்பிய பல்லை ராவி நேராக்குவதைவிட, ஒளி ஊடுருவும் தகடுகளாலோ கம்பியாலோ சில மாதங்கள் நகர்த்தி நேராக்குவதே என் தேர்வு. நகரும்போது நடு இடைவெளியும் குறையலாம். அதன் பிறகு வெளுப்பு, இரண்டு வாரக் காத்திருப்பு, பிறகு கண்ணாடி முன் நின்று பார்ப்பது. ஆறு வெனீர் என்று தொடங்கிய திட்டம் அப்போது இரண்டாகக் குறைந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அந்த இரண்டையும் முதலில் கம்போசிட் என்ற பல் நிறப் பிசின் கலவையால் கட்டிப் பார்க்கவும் இடமுண்டு. ராவாமல் செய்யலாம், பழுதானால் திருத்தலாம், சில ஆண்டுகள் கழித்துப் பீங்கானுக்கு மாறலாம். ஆனால் கறைபடும், அடிக்கடி மெருகேற்ற வேண்டும், அதையும் ஏற்றுக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது, ராவுவதற்கு முன் என் பல்லின் மேலேயே மாதிரி வைத்துக் காட்டுவீர்களா, ஆழத்தை அதன் மேலிருந்து அளப்பீர்களா என்று இரண்டு மருத்துவர்களிடமும் கேளுங்கள். முடியும் என்பவரிடம் மாதிரியை வைத்துக்கொண்டு சில நாள் வீட்டுக்குப் போக அனுமதி கேளுங்கள். பேசிப் பாருங்கள், வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிசினைப் பெயர்த்தெடுத்துவிடலாம், அடியில் உங்கள் பல் வந்தபடியே இருக்கும்.